பாதி மூச்சு

ஈரல் உடம்பில் எந்தப் பக்கம் இருக்கிறது என்பது நாற்பத்தொன்பது வயது வரை எனக்குத் தெரியாது. தெரியாது என்பதுகூடச் சரியில்லை. தெரியும் என்று நினைத்திருந்தேன், இடது பக்கம் என்று. நினைத்ததோடு நிறுத்தியிருக்கலாம். ஒரு வாரப் பத்திரிகையில் உடல் உறுப்புகளைப் பற்றி நகைச்சுவைத் தொடர் எழுதியபோது, 'இதயத்துக்கு நேர் கீழ்வீட்டில் ஈரல் குடியிருக்கிறது. மேல்வீட்டுக்காரர் ராப்பகலாக இடிப்பதில் அதற்குத் தூக்கமே கிடையாது' என்று எழுதி, அது அச்சிலும் வந்துவிட்டது. ஆசிரியர் திருத்தவில்லை. வாசகர்கள் யாரும் மறுக்கவில்லை. தமிழ் கூறும் நல்லுலகத்தில் ஈரலைப் பற்றி யாருக்கும் கவலை இருந்த மாதிரித் தெரியவில்லை.

அதனால்தான் அன்றைக்கு ஸ்கேன் அறையில் அந்த டாக்டர் அம்மாள் என் வலது விலாவில் சில்லென்று களிம்பைத் தடவியபோது, படித்தவன் என்கிற பொறுப்போடு குறுக்கிட்டேன்.

"டாக்டர், எனக்கு ஈரல் பார்க்கத்தான் எழுதிக் கொடுத்திருக்கா."

"அதுதானே ஸார் நோக்குறேன்."

"அது இந்தப் பக்கம் இல்லையோ?" என்று இடது விலாவைத் தட்டிக் காட்டினேன். நாலைந்து மாதமாகச் சாப்பிட்டால் அங்கேதான் ஒரு கனம். இரவில் அந்தப் பக்கத்துக்கு விளக்கெண்ணெய் தடவிக்கொண்டிருந்தேன்.

அவர் மலையாளி. தமிழும் மலையாளமும் கலந்து, திருவனந்தபுரத்தில் எல்லோரும் எல்லோரோடும் பேசுகிற பாஷையில் பேசுவார். என் கையைப் பார்த்தார். பிறகு என் முகத்தைப் பார்த்தார். "எல்லாருக்கும் வலது பக்கம்தான் ஸார். ஸாருக்கு மாத்திரம் அங்கே உண்டோன்னு வேணும்னா நோக்கட்டா?" என்றார். கேலி இல்லை, மரியாதை. அதுதான் தாங்கவில்லை. சொன்னபடியே அந்தப் பக்கமும் கருவியை வைத்துப் பார்த்தார். "இங்கே இருக்கிறது மண்ணீரல். அது வீங்கியிருக்கு, கேட்டோ" என்றார். வலது பக்கத்துக்குத் திரும்பி வந்து, கருவியை ஒரே இடத்தில் வைத்துச் சாய்த்துச் சாய்த்து ரொம்ப நேரம் பார்த்தார். ஒரு டாக்டர் ஒரே இடத்தை ரொம்ப நேரம் பார்த்தால் அங்கே நல்லது எதுவும் இருக்காது என்பது எனக்கும் தெரியும்.

இருந்தது இதுதான். எப்போது வந்தது, எந்த ஊசி வழியாக வந்தது என்று யாருக்கும் தெரியாத ஒரு மஞ்சள் காமாலைக் கிருமி, வருஷக்கணக்காக உள்ளே குடித்தனம் பண்ணி, என் ஈரலைக் காய்ந்த கடற்பஞ்சு போல ஆக்கியிருந்தது. மண்ணீரல் வீங்கியது அதனால்தான். எண்ணெயில் ஊறியது பாவம் அதுதான். போதாததற்கு ஈரலின் உச்சியில் சின்ன நெல்லிக்காய் அளவில் ஒரு கட்டி. அது நல்ல கட்டி இல்லை.

கோட்டைக்குள் எங்கள் அக்கிரகாரத்தில் ஈரல் கெட்டுப்போக ஒரே ஒரு காரணம்தான் அனுமதிக்கப்பட்டிருக்கிறது. நான் வாழ்நாளில் ஒரு சொட்டுக் குடித்ததில்லை. குடித்திருந்தாலாவது ஏதோ அனுபவித்தோம் என்று இருந்திருக்கும். எதிர்வீட்டு மாமா ஒரு நாள் சாயங்காலம் வந்து, என் மனைவி உள்ளே போகிற வரைக்கும் மழையைப் பற்றிப் பேசிவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"விட்டுடுடா."

"எதை மாமா?"

"அதைத்தான்."

"தொட்டதே இல்லை மாமா."

"அது செரி," என்று என் கையைப் பிடித்து அழுத்தினார். "இனிமேலும் தொடாதே."

இதைக் கிருமி என்று விளக்கிச் சொல்லிச் சொல்லி நான் களைத்துப்போனேன். அந்த நாட்களில் எதற்குமே களைப்புத்தான். பஸ் ஏறினால் களைப்பு, இறங்கினால் களைப்பு. ஆபீஸில் ஃபைலைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். இருபத்தைந்து வருஷமாகவே அப்படித்தான் உட்கார்ந்திருந்தேன் என்பதால் யாரும் வித்தியாசம் கண்டுபிடிக்கவில்லை.

அறுவைச் சிகிச்சை டாக்டர் படத்தைப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். நெல்லிக்காயை வெட்டி எடுக்கலாம், ஆனால் மிச்சமிருக்கும் ஈரல் அந்த வெட்டைத் தாங்காது என்றார். "வேற ஒரு வழி இருக்கு. கத்தி வேண்டாம். ஊசியை உள்ளே விட்டு, கட்டியைச் சூட்டிலேயே கொன்னுடறது. இப்பத்தான் நம்ம ஊருக்கு வந்திருக்கு" என்று சொல்லி ஓர் அறையின் எண்ணைச் சொன்னார். போய்ப் பார்த்தால் அதே டாக்டர் அம்மாள். உலகத்தில் எந்தப் பெண்மணியிடம் நான் என் உடற்கூற்று ஞானத்தைக் காட்டியிருந்தேனோ, அவரேதான்.

எனக்கும் என் மனைவிக்கும் சேர்த்து விளக்கினார். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. எங்கே போனாலும் இரண்டு பேர்தான் போவோம், அதனால் யாரும் எதையும் ஒரு தடவைக்கு மேல் சொல்ல வேண்டியிருக்காது. நீளமான ஊசி. அதன் நுனி கட்டிக்குள் போனதும் உள்ளேயிருந்து மெல்லிய கம்பிகள் குடைக் கம்பி மாதிரி விரியும். ரேடியோ அலை போன்ற மின்சாரம் கம்பிகளில் ஓடும். சுற்றியுள்ள சதை சூடாகி வெந்துவிடும். எல்லாம் ஸ்கேன் திரையைப் பார்த்துக்கொண்டே. வேகும்போது திரையில் வெள்ளையாக ஆவி கிளம்பும்.

"இட்லிப் பானை மாதிரி" என்றேன்.

"ஆங், அது மாதிரி" என்றார். அவர் சிரிக்கவில்லை. என் மனைவியும் சிரிக்கவில்லை. அவளுக்கு என் நகைச்சுவை கல்யாணமான புதிதிலேயே கேட்டுத் தீர்ந்துவிட்டது.

"முழுசாச் சுடணும். ஓரத்திலே இத்திரி, கொஞ்சம் விட்டாலும் திரும்பவும் வளரும். பின்னே இன்னொரு தடவை சுட இந்த லிவருக்குச் சக்தி இருக்குமோன்னு சொல்ல முடியாது." இதைச் சொல்லும்போது மட்டும் அவர் என் மனைவியைப் பார்த்துச் சொன்னார். "ஒரு பிரச்சனை. கட்டி ரொம்ப மேலே, உதரவிதானத்துக்கு அடியிலே ஒட்டிக்கிட்டிருக்கு. அதுக்கு மேலே நுரையீரல். ஸார் ஸ்வாசம் எடுத்தா கட்டி கீழே வரும், விட்டா மேலே போகும். ஊசி போகிற நேரத்திலே அது ஒரே இடத்திலே நிக்கணும். நிறைய இழுக்கக் கூடாது. பாதி ஸ்வாசம் எடுத்து அப்படியே பிடிக்கணும். ஒவ்வொரு தடவையும் அதே பாதி. ஸாருக்குப் பிடிக்கத் தெரியுமோ?"

இங்கேதான் என் புத்தி போயிற்று. இடது விலா விவகாரத்துக்குப் பிறகு அந்த அறையில் என் மானம் தரையில் கிடந்தது. அதைப் பொறுக்கி எடுக்கக் கடவுள் தந்த சந்தர்ப்பமாக இது எனக்குத் தோன்றியது.

"டாக்டர், மூச்சை அடக்குவது எங்கள் குலத்தொழில்" என்றேன். "எட்டு வயசிலே பூணூல் போட்டதிலிருந்து பிராணாயாமம். பூரகம், கும்பகம், ரேசகம். இழுக்கிறது, அடக்குகிறது, விடுகிறது. நீங்க சொல்கிற பாதி மூச்சு எங்களுக்குத் தண்ணி பட்ட பாடு."

என் மனைவி மேலே சுற்றிக்கொண்டிருந்த மின்விசிறியை நிமிர்ந்து பார்த்தாள். காலையில் நான் சந்தியாவந்தனம் பண்ணுகிற வேகம் அவளுக்குத் தெரியும். சூரியன் எனக்கு மறு வணக்கம் சொல்வதற்குள் நான் பஸ் ஸ்டாப்பில் இருப்பேன். சாயங்காலம் பண்ணுவது என்பது சொல்லிக்கொள்வதற்கு மட்டும்.

"வளரே நல்லது, ரொம்ப நல்லது" என்றார் டாக்டர். "அப்போ வீட்டிலே பிராக்டீஸ் பண்ணுங்க. உங்களுக்குப் பழக்கம் இருக்கே, எளுப்பம்தான்."

பண்ணினேன். வாழ்க்கையில் எந்தப் பரீட்சைக்கும் நான் அப்படித் தயார் செய்ததில்லை. விடிந்ததும் குளித்துவிட்டுப் பலகையில் சப்பணம் கொட்டி, வலது கைக் கட்டை விரலால் ஒரு நாசியையும் மோதிர விரலால் மற்றொரு நாசியையும் மூடிக்கொண்டு, பாதி மூச்சில் நிற்பேன். நின்றது! முதல் இரண்டு நாள் கண் இருட்டியது, அப்புறம் பழகிவிட்டது. காலையில், ஆபீஸ் விட்டு வந்ததும், ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால். கடைசியில் தானாகவே வர ஆரம்பித்துவிட்டது. 'பிடி' என்று மனசுக்குள் சொன்னால் போதும், கை மூக்குக்குப் போகும், மூச்சு நிற்கும்.

என் மனைவி காய் நறுக்கிக்கொண்டே ஒரு நாள் கேட்டாள். "மூக்கைப் பிடிச்சுக்கச் சொன்னாளா டாக்டர்?"

"மூச்சைப் பிடிக்கச் சொன்னா."

"அதான் கேட்கறேன். அங்கே படுக்கப் போட்டுக் கையை எங்கே வச்சுக்கச் சொல்லுவாளோ. கையில்லாம பிடிச்சுப் பாருங்கோளேன்."

"கும்பகத்துக்கு அங்கன்யாசம் மாதிரி ஒரு முறை இருக்கு. கை வெறும் உபகரணம். உள்ளே நடக்கறதுதான் விஷயம்" என்று ஆரம்பித்து, யோக சாஸ்திரத்தில் நாடிகளின் எண்ணிக்கை வரைக்கும் போனேன். அவள் நறுக்கிய காயை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். நாடிகளைப் பற்றிச் சுவருக்குச் சொல்லி முடித்தேன்.

சாலை பஜாரில் ஆணி, தாழ்ப்பாள், குழாய் சாமான் விற்கிற கடை ஒன்றில் எனக்கு ஒரு சிநேகிதர். நாகர்கோவில் பக்கத்துக்காரர், என்னைவிட நாலைந்து வயது மூத்தவர், என் தொடர்களை வாசிக்கிற ஒரே வியாபாரி. சமாசாரத்தைச் சொன்னதும் தராசுத் தட்டைக் கீழே வைத்துவிட்டார்.

"என்ன சாமி சொல்லுதிய? ஈரலைச் சுடப் போறாங்களா?"

"கட்டியை மட்டும், அண்ணாச்சி."

"கட்டி எங்க இருக்கு? ஈரல்லதான? அப்ப ஈரலைத்தான சுடுதான்." கண் கலங்கியிருந்தது, ஆனாலும் வாய் சும்மா இருக்கவில்லை. "எங்க வீட்டுல ஆட்டு ஈரலை மிளகு போட்டுச் சுட்டா நீரு தெருமுனையிலயே மூக்கைப் பொத்திக்கிட்டுத் திரும்பிப் போவீரு. இப்பம் உம்ம வயித்துக்குள்ளயே அடுப்பு வச்சுட்டான் பாத்தீரா. பழவங்காடிப் பிள்ளையாருக்கு ஒரு தேங்கா உடச்சுட்டுப் போம். நானும் உடைக்கேன்."

உடைத்தோம். அந்தச் சந்நிதியில் தேங்காய் உடைகிற சத்தத்துக்கு நடுவில் நிற்கும்போது நான் வேண்டிக்கொண்டது நினைவிருக்கிறது. குணமாக வேண்டும் என்று வேண்டிக்கொள்ளவில்லை. மூச்சு நிற்க வேண்டும், தக்க நேரத்தில் மட்டும், என்று வேண்டிக்கொண்டேன். பிள்ளையாருக்குக் குழப்பம் வந்துவிடக் கூடாதே என்று 'தக்க நேரத்தில் மட்டும்' என்பதை இரண்டு தடவை சொன்னேன்.

குறித்த நாளில் காலையிலேயே உள்ளே கொண்டுபோனார்கள். மின்சாரம் உடம்பை விட்டு வெளியே போக வழி வேண்டுமாம். அதற்காக இரண்டு தொடையிலும் பெரிய ஒட்டுப் பட்டைகள். பட்டை ஒட்ட வேண்டுமென்றால் மயிர் இருக்கக் கூடாது. ஓர் ஊழியர் வந்து, வாழைத்தண்டைச் சீவுகிற கவனத்தோடு மழித்தார். அடுத்து பூணூல். அது இடது தோளிலிருந்து இறங்கி, ஊசி போக வேண்டிய வலது விலாவின் மேலேயே போகிறது. நர்ஸ் அம்மாள் கத்தரிக்கோலோடு வந்தார். நான் அவசரமாக அதை எடுத்து மாலையாகக் கழுத்தில் போட்டுக்கொண்டேன். ரிஷிகளுக்குத் தர்ப்பணம் செய்யும்போது அப்படிப் போட்டுக்கொள்வது வழக்கம். அப்படியும் அது மார்பில் தொங்கியது. அவர் அதைச் சுருட்டி என் கழுத்துக்குக் கீழே பஞ்சு மாதிரித் திணித்துவிட்டார். ரிஷிகள் மன்னிப்பார்கள்.

குளிர் பதன அறை. மேலே பச்சைத் துணிகள். விலா எலும்புகளுக்கு நடுவே இடம் திறக்க வேண்டும் என்பதால் வலது கையைத் தலைக்கு மேலே தூக்கி வைக்கச் சொன்னார்கள். கை கட்டப்படவில்லை. "ஸார் பிராணாயாமம் எல்லாம் செய்கிறவர்" என்று டாக்டர் அம்மாள் தலைமாட்டில் நின்றிருந்த மயக்க மருந்து டாக்டரிடம் சொன்னது காதில் விழுந்தது. அவர் கண்ணாடி போட்ட ஒல்லியான இளைஞர். "அப்போ மயக்கம் குறைச்சுக் கொடுத்தால் போதும், அல்லே?" என்றார். நரம்பில் ஏதோ ஏறியது. கால்கள் என்னுடையவை அல்ல என்று தோன்றியது. விலாவில் மரத்துப்போகும் ஊசி குத்தினார்கள், வலித்தது, மரத்தது.

"அனங்கருது ஸார். அசையக் கூடாது. பாதி ஸ்வாசம் எடுக்கூ…"

எடுத்தேன்.

"பிடிக்கூ."

பிடித்தேன். மூச்சை மட்டுமா! வாரக்கணக்கில் பழக்கிய வலது கை, தலைக்கு மேலிருந்து, எஜமான் கூப்பிட்டது போலக் கம்பீரமாக இறங்கி வந்து, வழியில் டாக்டர் அம்மாளின் முழங்கையை இடித்து, துணியை இழுத்து, ஸ்கேன் கருவியைத் தட்டிவிட்டு, நேராகப் போய் என் மூக்கைப் பிடித்துக்கொண்டது. கட்டை விரல் ஒரு நாசியில், மோதிர விரல் மறு நாசியில். சாஸ்திரோக்தமாக.

"ஐயோ!" என்று யாரோ கத்தினார். "ஸ்டெரைல் போச்சு! எல்லாம் மாத்தணும்!" என்றார் இன்னொருவர். ஊசி இன்னும் தோலைத் தாண்டியிருக்கவில்லை. இரண்டு விநாடி கழித்து அது நடந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் இன்றுவரை யாரிடமும் கேட்டதில்லை.

"என்ன ஸார் இது?" என்றார் டாக்டர் அம்மாள். முகமூடிக்கு மேலே கண்கள் மட்டும் தெரிந்தன.

"கும்பகம்" என்றேன், மூக்கைப் பிடித்தபடியே.

அதற்கப்புறம் நடந்ததை என் நினைவில் இருக்கிறபடி சொல்கிறேன். புதுத் துணி போர்த்தினார்கள். கையை மறுபடி மேலே கொண்டுபோய் ஒரு பட்டியால் கட்டினார்கள். எனக்குள் ஒரு பெரிய அமைதி வந்தது. கை இல்லாவிட்டால் என்ன, உள்ளே நடப்பதுதானே விஷயம் என்று மனம் தெளிந்தது. 'பிடிக்கூ' என்ற குரல் தூரத்தில் கேட்டது. பாதியில் நிறுத்தினேன். அணைக்கட்டில் தண்ணீர் நிற்பது போல நின்றது. மறுபடி 'பிடிக்கூ'. மறுபடி அதே பாதி, ஒரு இம்மி கூடவோ குறையவோ இல்லை. உள்ளே ஏதோ விரிவது தெரிந்தது, ஒரு வெதுவெதுப்பு. 'சபாஷ்' என்று யாரோ சொன்னார்கள். பிறகு வார்டில் கண் விழித்தேன்.

கண் விழித்தால் வலது தோளில் வலி. ஈரலைச் சுட்டால் தோள் வலிக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். உதரவிதானத்துக்கு எரிச்சல் என்றால் அது தோளிடம் போய் முறையிடுமாம். எங்கள் ஆபீஸ் மாதிரியே. இரண்டு மூன்று நாள் காய்ச்சலும் இருந்தது. என் மனைவி பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, ஒரு வாரப் பத்திரிகையின் ஒரே பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அது என் பக்கம் இல்லை. அவளுக்குக் கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது.

"பயந்துட்டியா?"

"கஞ்சி ஆறிண்டிருக்கு. குடிங்கோ" என்றாள்.

வீட்டுக்கு வந்த நாளிலிருந்து பார்க்க வந்தவர்களுக்கெல்லாம் கதை சொல்ல ஆரம்பித்தேன். மூக்கைப் பிடித்த பகுதியை முதலில் சொல்லிச் சிரிக்க வைப்பேன். என் தொழில் அது. பிறகு குரலை மாற்றிக்கொண்டு பாதி மூச்சுக்கு வருவேன். கட்டிப்போட்ட கை, எட்டாத மூக்கு, உள்ளே அடங்கிய பிராணன். எதிர்வீட்டு மாமா கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். "மந்திர பலம்டா" என்றார். மறு நாளிலிருந்து தெருவில் இரண்டு பையன்களைச் சாயங்கால சந்தியாவந்தனத்துக்கு அவர் இழுத்துப்போவதைப் பார்த்தேன். குடித்தவன் என்ற பெயர் போய் யோகி என்ற பெயர் வந்துகொண்டிருந்தது. சாலைக் கடையில் நான் சொன்னபோது வாடிக்கையாளர்கள் தாழ்ப்பாளைக் கையில் வைத்துக்கொண்டு நின்று கேட்டார்கள். "சாமி, மூச்சை அடக்கி ஊசிக்கு வழி விட்டீரு பாத்தீரா, அது பெரிய காரியம்லா" என்று அண்ணாச்சி என் கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். ஒவ்வொரு தடவையும் கதை கொஞ்சம் வளர்ந்தது. என் மனைவி பக்கத்தில் இருந்தால் கேட்டுக்கொண்டிருப்பாள். ஒன்றும் சொல்ல மாட்டாள். காபி கொண்டுவந்து வைப்பாள்.

ஆனால் கதை கேட்டவர்கள் போன பிறகு வீட்டில் இரண்டு பேர் மட்டும் இருப்போம். அப்போது அந்த ஓரம் ஞாபகத்துக்கு வரும். நெல்லிக்காய் முழுசாக வெந்ததா? வெந்ததா இல்லையா என்பது ஒரு மாதம் கழித்து எடுக்கிற ஸ்கேனில்தான் தெரியும். மருந்தை நரம்பில் ஏற்றிப் படம் எடுப்பார்கள். செத்த இடம் கறுப்பாகவே இருக்கும். உயிரோடு மிச்சம் ஏதாவது இருந்தால் ஓரத்தில் பளிச்சென்று ஒளி காட்டும்.

அந்த நாளும் வந்தது. நடைபாதையில் வரிசையாக நாற்காலிகள். எங்களுக்கு முன்னால் நிறையப் பேர். நோயாளி என்பவன் பெரும்பாலும் நாற்காலியில்தான் உருவாகிறான். நோய் அதற்கு ஒரு சாக்கு. சாப்பிடக் கூடாது என்று சொல்லியிருந்ததால் அவளும் சாப்பிடவில்லை.

"ஓரத்திலே விட்டுப்போயிருந்தா?" என்று கேட்டாள். திடீரென்றுதான் கேட்டாள், எதிர்ச்சுவரைப் பார்த்துக்கொண்டு.

"திரும்பச் சுடுவா."

"தாங்குமா?"

சொல்லத் தெரிந்திருந்தால் சொல்லியிருப்பேன். எனக்குத் தெரியாத விஷயத்தில் நான் பேசாமல் இருந்தது அபூர்வம். அவள் புடவைத் தலைப்பின் நூல் ஒன்றை இழுத்து விரலில் சுற்றிக்கொண்டாள். என் பெயரைக் கூப்பிடும் வரைக்கும் சுற்றிக்கொண்டிருந்தாள்.

படம் எடுத்து முடித்து, மறுபடி நாற்காலி. பிற்பகலில் டாக்டர் அம்மாள் எங்களை உள்ளே கூப்பிட்டு, விளக்குப் பெட்டியில் படங்களை மாட்டினார். எனக்கு அதில் எது ஈரல் என்று தெரிந்தது, வலது பக்கம். ஆனால் படத்தில் அது இடது பக்கமாகத்தான் விழுமாம். இதற்கு மேல் நான் என்ன செய்ய?

அவர் பேனா முனையால் ஒரு கறுப்பு வட்டத்தைச் சுற்றி வந்தார். மெதுவாக. முதலில் ஒரு படம், பிறகு அதற்கு அடுத்தது, அதற்கும் அடுத்தது. என் மனைவி மூச்சு விடவில்லை. எனக்கு அது கேட்டது, அதாவது கேட்கவில்லை.

"பழைய கட்டியை விடப் பெரிசா வெந்திருக்கு. சுத்தி எல்லாப் பக்கமும் மார்ஜின் இருக்கு. ஓரத்திலே எங்கேயும் வெளிச்சம் இல்லை" என்றார். "குட்."

என் மனைவி நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டாள். முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பிறகு, "அடுத்தது எப்ப வரணும்?" என்று கேட்டாள்.

"மூணு மாசம் கழிச்சு ஒரு ஸ்கேன். கிருமி அங்கேயேதான் இருக்கு, இல்லையா. மருந்தை நிறுத்தக் கூடாது. பார்த்துக்கிட்டே இருக்கணும்."

எல்லாம் சரியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. நான் எழுந்து கும்பிட்டுவிட்டு வந்திருக்கலாம். ஆனால் சந்தோஷம் வந்தால் எனக்கு நாக்கு நிற்காது.

"டாக்டர், அன்னிக்கு ஆரம்பத்திலே உங்களுக்குத் தொந்தரவு கொடுத்துட்டேன். ஆனா கடைசியிலே அந்தப் பாதி மூச்சு ஒழுங்கா அமைஞ்சதில்லையா?"

"எது பாதி மூச்சு?"

"நீங்க பிடிக்கூ, பிடிக்கூன்னு சொன்னபோது நான் பிடிச்சதுதான். கையைக் கட்டினதுக்கப்புறம்."

அவர் படங்களைக் கழற்றிக்கொண்டே என்னைப் பார்த்தார். முதல் நாள் என் இடது விலாவைப் பார்த்த அதே மரியாதை. "ஸார், கை வந்த உடனேயே ஸாரை முழுசா உறக்கிட்டோம். இனி இவர் நினைவோடு இருந்தா ஆபத்துன்னு. அப்புறம் காத்துப் பையை அமுக்கி அமுக்கி ஸாருக்கு ஸ்வாசம் கொடுத்தது மயக்க டாக்டர்தான். ஊசி போகும்போது அவர் பையிலிருந்து கையை எடுப்பார், ஸ்வாசம் நிக்கும். எடுப்பார், நிக்கும். ரொம்ப ஸ்டெடியா செய்தார். அந்த மருந்துக்குச் சில பேருக்கு ஸ்வப்னம் எல்லாம் வரும், கேட்டோ."

வெளியே வந்தோம். வாசலில் ஆட்டோ வரிசை. அவள் பையையும் பிளாஸ்க்கையும் ஒரு கையில் மாற்றிக்கொண்டு, மறு கையால் என் முழங்கையைப் பிடித்துப் படி இறக்கினாள். நான் படியிலேயே நின்றேன்.

"உனக்கு இது தெரியுமா?"

"தெரியாம என்ன? அன்னிக்கே அந்தக் கண்ணாடிக்காரப் பிள்ளை வெளியிலே வந்து, முழு மயக்கம் கொடுத்திருக்கோம், பயப்படாதீங்கோன்னு சொல்லிட்டுப் போச்சே."

"தெரிஞ்சுமா இத்தனை நாளும் வாயைத் திறக்காம இருந்தே? தெரு பூராச் சொல்லியிருக்கேன். ஆபீஸ் பூராச் சொல்லியிருக்கேன். சாலைக் கடையிலே அந்த மனுஷர் என் கையைக் கண்ணிலே ஒத்திக்கிண்டார். நான் அடுத்த வாரத்துக் கட்டுரையே இதைப் பத்தி எழுதி அனுப்பியாச்சு. எல்லாரும் கேட்டா இனிமே நான் என்னன்னு சொல்லுவேன்?"

அவள் ஓர் ஆட்டோவைக் கை தட்டிக் கூப்பிட்டு, என்னை உள்ளே தள்ளி, பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். கோட்டைக்குப் போகணும் என்று டிரைவரிடம் மலையாளத்தில் சொன்னாள். வண்டி கிளம்பிய பிறகுதான் என் பக்கம் திரும்பினாள்.

"ஸ்கேன் நன்னா வந்திருக்கோல்லியோ? அது போறாதா, கதையும் நன்னா வரணுமாக்கும்."